எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து

விபத்து நடந்த அன்று காரில் இருந்த மூன்று பேரில் நான்தான் நன்றாக இருந்தேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான். ஓடி வந்தவர்களிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது நான். மருத்துவமனையில் நாத்தனாரின் வயதையும் விலாசத்தையும் சொல்லிப் படிவம் நிரப்பியதும் நான்தான். "உங்களுக்கு எங்கயாவது அடி பட்டிருக்கா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, இவங்களைப் பாருங்க" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு நான் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் அந்தக் காகிதத்தில் முதலில் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஆரணியில் ஒரு டிசைன் சென்டரில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. முந்தானையில் மயில் எங்கே நிற்க வேண்டும், கரையில் எத்தனை இழைக்கு ஒரு இலை வர வேண்டும் என்று கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து, தறியில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். என் கணவர் பட்டு நூல் வியாபாரம் செய்கிறார். அவருடைய அக்கா, என் நாத்தனார், ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியை. கணவரை இழந்தவர். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்போதுதான் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்தாள்.

வேலூரில் உறவுக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்து முடித்துவிட்டு மதியம் மூன்று மணி வாக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்ட, நானும் நாத்தனாரும் பின்சீட்டில் இருந்தோம். கண்ணமங்கலம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் அவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த மினி லாரி நிற்கவில்லை. நான் அந்த நேரம் இடதுபக்கம் திரும்பி நாத்தனாரிடம் ஆரஞ்சுச் சுளை நீட்டிக்கொண்டிருந்தேன். என் தலை பின்னால் போனதோ முன்னால் வந்ததோ எனக்கு நினைவே இல்லை. ஒரு பெரிய சத்தம், கண்ணுக்குள் ஒரு வெளிச்சம், அப்புறம் மடி நிறைய ஆரஞ்சுத் தோல். முன்சீட்டைப் பிடித்திருந்த நாத்தனாரின் வலது மணிக்கட்டு பார்க்கக்கூடாத ஒரு கோணத்தில் வளைந்திருந்தது. அவர் கத்தவில்லை. "கை போயிடுச்சிமா" என்று மட்டும் சொன்னார். கணவருக்கு அடி எதுவும் இல்லை, ஆனால் ஸ்டியரிங்கை விடாமல் உறைந்துபோயிருந்தார்.

லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். பயந்துபோயிருந்தார். மருத்துவமனை வரைக்கும் வந்து, மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை வெளியே நின்றார். எனக்கு அவர்மேல் அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வலிக்கிறது என்பதைவிட, தூக்க வேண்டிய சக்தியே அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து, பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்கி உட்கார்ந்தேன். கணவர் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார். எலும்பில் ஒன்றுமில்லை, தசை பிடித்திருக்கிறது, ஒரு வாரம் கழுத்துப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை.

ஆனால் அந்த வாரம் என் கழுத்தைப் பற்றி யோசிக்கவும் நேரமில்லை. வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டோடு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையால் எப்படி அவர் தனியாக இருக்க முடியும்? பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சபையிலிருந்து வந்தார்கள், பள்ளியிலிருந்து ஆசிரியைகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்து மாவுக்கட்டின்மேல் பேனாவால் பூ வரைந்தார்கள். எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தது நான். நாத்தனாருக்குப் புடவை கட்டிவிடுவதும் தலை வாரிப் பின்னிவிடுவதும் என் வேலை. அவருக்கு நீளமான, அடர்த்தியான முடி. பின்னல் முடிவதற்குள் பிடரியில் யாரோ ஆணி வைத்து அழுத்துவதுபோல இருக்கும். இடது கை சுண்டுவிரல் மரத்துப்போகும். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் சுவரில் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு வருவேன். பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன் என்று சொல்லுவேன்.

ஆறு வாரத்தில் நாத்தனாரின் கட்டைப் பிரித்தார்கள். இன்னும் சில வாரத்தில் அவர் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். சபையில் அவருக்காக நன்றி சொல்லி ஜெபம் செய்தார்கள். நானும் எல்லாரோடும் ஆமென் சொன்னேன். மனதார்த்தான் சொன்னேன்.

என் கதை அங்கிருந்துதான் மோசமானது. தலைவலி பிடரியில் ஆரம்பித்து வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும். மாலைக்குள் வெளிச்சம் பிடிக்காமல் போகும். படுத்தால் எந்தத் தலையணையும் சரியாக இல்லை. வீட்டில் இருந்த தலையணைகளை எல்லாம் முயன்று பார்த்துவிட்டு, துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்தேன். திடீரென்று திரும்பினால் தரை ஒரு பக்கமாகச் சாயும். தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுவதும் திரும்பித்தான் பார்க்க முடியும். எங்கள் தெருவில் ஒருவர், நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன், கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை என்று கணவரிடமே சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது மறதிதான். கட்டங்களை எண்ணிக்கொண்டே வருவேன், பாதியில் எண்ணிக்கை நழுவிவிடும். பதினெட்டு வருஷமாகச் செய்த வேலை அது. விபத்து நடந்து நான்கைந்து மாதம் இருக்கும், ஒரு முந்தானையில் வரிசையாக வரும் மயில்களில் ஒன்றுக்குக் கால் வைக்க மறந்துவிட்டேன். திரையில் யாருமே கவனிக்கவில்லை. அட்டை அடித்து, தறியில் ஏற்றி, நெய்தும் ஆகிவிட்டது. டிசைன் சென்டர் முதலாளி அந்தப் புடவையின் முந்தானையை மேஜையில் விரித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "உனக்கு உடம்பு இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியலைமா. கொஞ்ச நாள் வீட்ல இரு. சரியானதும் வா" என்றார். நான் அந்த ஒற்றை மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்ற மயில்கள் எல்லாம் நின்றுகொண்டிருக்க, அது மட்டும் காற்றில் தொங்கியது.

வீட்டில் இருந்தேன். சரியாகவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்கேற்ற தேய்மானம் என்று எழுதியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். ஏதாவது ஒன்று உடைந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். உடைந்திருந்தால் காட்டலாம்.

கழுத்துப் பட்டையை நான் விடாமல் போட்டுக்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு வாரம் போடச் சொன்னதைக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போட்டேன். பட்டை இருந்தால் பேருந்தில் இடம் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் பாத்திரம் தூக்கச் சொல்லவில்லை. பட்டை இல்லாமல் போனால், "இப்ப தேவலையா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டு, கையில் குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கழற்றினால் என் வலிக்கு இருந்த ஒரே சாட்சி போய்விடும் என்று பயந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் என்னோடு பேச உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார்.

"எனக்கு எலும்பே ஒடைஞ்சிச்சி. ஆறு வாரத்துல எழுந்துட்டேன். உனக்கு எல்லா டெஸ்டும் நல்லா இருக்குன்னுதானே வந்திருக்கு? நீ வலி வலின்னு அதையே நெனைச்சிகினு இருக்கறே. மனசை வேற பக்கம் திருப்பணும்மா. பொண்ணு வேற ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடு வெறிச்சின்னு இருக்கு. அதான்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் சொன்னது வலித்தது என்பது ஒரு பக்கம். அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று நானே நினைத்ததுதான் அதைவிட மோசம். அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். அவர் வந்தால் காபி கொடுப்பேன், உட்கார மாட்டேன்.

என் கணவர் இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. என் கழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு அக்கறையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் யாராவது ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னால் மட்டும் உடனே அழைத்துப் போவார். அப்படித்தான் படவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் சுளுக்கு எடுக்கிறவரிடம் போனோம். காலையில் போய்க் காத்திருந்தோம். அவர் எண்ணெய் தடவி நீவினார். அதுவரை இதமாகத்தான் இருந்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தாடையையும் பிடரியையும் பிடித்து ஒரே திருப்பு. காதுக்குள் கிளை முறிகிற சத்தம். "அவ்ளோதான், போங்க" என்றார்.

காருக்கு நடந்து வரும்போதே உலகம் சுற்றியது. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இரண்டாவது முறை, கணவர் காரை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, என் வாயைக் கழுவிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தானாகவே பேசினார்.

"பின்சீட்ல தலை சாய்க்கறது ரெண்டு இருந்துச்சில்ல, அதை நான்தான் கழட்டிப் போட்டேன். நூல் மூட்டை ஏத்தும்போது சீட்டு மடங்கலைன்னு. வீட்ல பரண்மேலதான் கெடக்குது. அது இருந்திருந்தா உன் தலை அவ்ளோ தூரம் பின்னால போயிருக்காது."

எனக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் காரில் அப்படி ஒன்று இருந்ததையே நான் கவனித்ததில்லை. எட்டு மாதமாக அவர் அதை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்ததா என்று இன்றைக்கு யோசித்தால், வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. இந்த மனிதர் என் வலியை நம்பியிருக்கிறார். நம்பியதால்தான் என் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறி அவற்றை எடுத்துத் துடைத்து மாட்டினார்.

நான்கு நாள் படுத்தே கிடந்தேன். ஐந்தாம் நாள், கழுத்தைத் திருப்பி முறிக்கிற யாரிடமும் இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். என் மகள் விடுதியிலிருந்து விசாரித்து, வேலூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக் இருப்பதாகச் சொன்னாள். அங்கே போனபோது விபத்து நடந்து ஒரு வருஷம் நெருங்கியிருந்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் கொண்டுபோன ஃபைலை அவர் திறக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க" என்று மேஜைமேல் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஆரஞ்சுச் சுளையிலிருந்து ஆரம்பித்தேன். தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. திரும்பிய நிலையில் இடி வாங்கினால் ஒரு பக்கத்துத் தசைகளும் ஜவ்வும் அதிகமாக இழுபட்டிருக்கும் என்றார். இதற்கு ஆங்கிலத்தில் விப்லாஷ் என்று பெயர், சாட்டையைச் சொடுக்கினால் நுனி எப்படிப் போய்வருமோ அப்படித் தலை போய்வந்திருக்கிறது என்று விளக்கினார்.

"படம் நார்மலா இருந்தா வலி இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. படத்துல தெரியற மாதிரி சேதம் இல்லைன்னுதான் அர்த்தம். வலி நெஜம்தான்" என்றார். பிறகு, "ஆனா இந்தப் பட்டையை இன்னிக்கே கழட்டணும்" என்றார்.

நான் பட்டைமேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். இத்தனை மாதம் பட்டை தாங்கியதில் கழுத்துத் தசைகள் வேலை செய்ய மறந்துவிட்டன, அவற்றுக்கு மறுபடியும் வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டேன். பழையபடி ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இப்போது இருப்பதைவிட நன்றாக ஆகும், மெதுவாக ஆகும் என்றார். இதைக் கேட்டுச் சோர்ந்துபோயிருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை எல்லாரும் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகாதபோது குற்றம் என்னுடையதாகிவிட்டது.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. மல்லாந்து படுத்து, "ஆமாம்" என்று சொல்வதுபோல முகவாயை அரை அங்குலம் உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் நான்கு எண்ணுவதற்குள் கழுத்து நடுங்கியது. பட்டை இல்லாமல் முதன்முதலாகத் தேவாலயத்துக்குப் போன ஞாயிறு, நினைத்தபடியே பலரும் நான் குணமாகிவிட்டேன் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். இல்லை என்று திருத்திக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ஜெபத்தின்போது எல்லாரும் தலை குனிந்திருக்க, நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். குனிந்தால் ஜெபம் முடிந்ததும் நிமிர முடியாது. அப்படி உட்கார்ந்திருந்ததில் ஒன்று தெரிந்தது. கண்ணை மூடாமல் இருக்கிறவர்கள் சபையில் நிறைய பேர். என்னைப் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொள்வார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேலூர் போய்வந்தேன். வழக்கமாகக் கணவர் காரில் அழைத்துப் போவார். மூன்றாவது மாதம் ஒரு நாள் அவருக்கு வரமுடியாத வேலை. தனியாகப் பேருந்தில் போகிறேன் என்றேன். பள்ளிக்கு விடுமுறை, துணைக்கு நான் வருகிறேன் என்று நாத்தனார் கிளம்பி வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேருந்தில் அருகருகே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாலையில் எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். பிரேக் சத்தம் கேட்டால் என் தோள்கள் தானாகக் காதுவரை ஏறிவிடும். அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று கிளினிக்கில் ஒரு புதிய சோதனை. என் தலையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, நெற்றியில் சின்ன லேசர் விளக்கைப் பொருத்தினார்கள். எதிர்ச் சுவரில் வட்டம் வட்டமாக வரைந்த ஒரு தாள். சிவப்புப் புள்ளி நடு வட்டத்தில் விழும்படி நேராக உட்கார வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை வலதுபக்கம் திருப்பி, மறுபடி நேராகக் கொண்டுவர வேண்டும். முதலில் பிசியோதெரபிஸ்ட் அதை நாத்தனாருக்கே கட்டி விளையாட்டாகச் செய்யச் சொன்னார். அவர் கண்ணைத் திறந்தபோது புள்ளி நடு வட்டத்தின் விளிம்பில் இருந்தது.

எனக்குக் கட்டினார். கண்ணை மூடினேன், திருப்பினேன், திரும்பி வந்தேன். "நேரா வந்துட்டீங்களா?" என்றார். நேராக வந்துவிட்டேன் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கண்ணைத் திறந்தால் புள்ளி தாளிலேயே இல்லை. தாளுக்கு வெளியே, சுவரில் தொங்கிய காலண்டர்மேல் இருந்தது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே இடம்.

தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற சின்னச் சின்னத் தசைகள் கழுத்தில் இருக்கின்றன, அடி பட்டதில் அவை தப்புத் தப்பாகச் சொல்கின்றன என்று அவர் விளக்கினார். தரை சாய்வது அதனால்தான். கட்டங்கள் கண்ணிலிருந்து நழுவுவதற்கும் இதில் பங்கு இருக்கும் என்றார். பயிற்சியால் இதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தலாம் என்றார். நான் நாத்தனார் பக்கம் உடம்போடு திரும்பினேன். அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார். பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு சொன்னார்:

"அந்தக் காலண்டர் எவ்ளோ தூரத்துல இருந்துச்சி. நீ நேரா வந்துட்டேன்னு சொல்லிகினு உக்காந்திருந்தே."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் கைக்கு ஊரே வந்துச்சி. நீயும் அந்தக் கார்லதான் இருந்தே. ஆறு வாரம் எனக்குத் தலை பின்னிவிட்டே. ஒரு நாள்கூட உன்னை எப்படி இருக்குன்னு நான் கேக்கலை."

"பரவால்ல அண்ணி" என்றேன். உடனே அது சரியில்லை என்று தோன்றியது. "தலை பின்னும்போதுதான் ரொம்ப வலிக்கும்" என்றேன். அவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. பேருந்து ஏதோ ஒரு வேகத்தடையில் குலுங்கி ஏறி இறங்கியது. அவர் கை என் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது. ஆரணி வரைக்கும் அதை எடுக்கவில்லை.

அடுத்த ஒரு வருஷம் சோதனைத் தாளை எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி, விளையாட்டு லேசர் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தேன். புள்ளி காலண்டர் தூரத்திலிருந்து தாளுக்குள் வர நான்கு மாதம் ஆனது. உள்வட்டத்துக்குள் அடிக்கடி வர ஒரு வருஷம். நாத்தனார் மாலையில் பள்ளி விட்டதும் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வட்டத்தில் விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். தப்பாக விழுந்தால் வாத்தியார் முகத்தோடு, "திரும்பப் பண்ணு" என்பார். சில நாள் பேஜாராகிவிடும். சண்டை போட்டுக்கொள்வோம். ஆனால் மறுநாள் வந்துவிடுவார்.

இரண்டாம் வருஷ முடிவில் டிசைன் சென்டருக்குத் திரும்பினேன். முழு நாள் முடியவில்லை. காலையில் மூன்று மணி நேரம் மட்டும். முதலாளி என் திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வைக்க ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். முன்னால் ஒரு முந்தானையை ஆறு நாளில் முடிப்பேன், இப்போது மூன்று வாரம் ஆகிறது. முடித்ததை இன்னொருவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். முதலில் அது அவமானமாக இருந்தது. இப்போது நானே கொடுத்து எண்ணச் சொல்கிறேன்.

திரும்பி வராதவையும் உண்டு. குனிந்து தலைக்குக் குளிக்க முடியாது. கிறிஸ்துமசுக்கு வாசலில் நட்சத்திரம் கட்ட அண்ணாந்து நிற்க முடியாது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார மாட்டேன். சில நாள், ஒரு காரணமும் இல்லாமல், காலையில் எழும்போதே தலை கனத்திருக்கும். அன்றைக்கு நான் நல்ல மனுஷி இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தைந்து வயதில். வீரத்துக்காக இல்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, எப்போது பிரேக் போடுவார்களோ என்று இறுகிக் கிடந்ததில் கழுத்து இன்னும் மோசமானது. நானே பிரேக் போட்டால் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? இதைச் சொன்னபோது பிசியோதெரபிஸ்ட் சிரித்துவிட்டார். கழுத்து இரண்டு பக்கமும் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார்த்துவிட்டு, கண்ணாடிகளை நன்றாகப் பழகிக்கொண்டால் ஓட்டலாம் என்றார். டாக்டரும் சரி என்றார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வயதானவர், பொறுமைசாலி. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பொறுமை போய்விடும். "திரும்பிப் பாருங்க மேடம், திரும்பிப் பாருங்க" என்பார். என் கழுத்து இவ்வளவுதான் திரும்பும் என்று காட்டினேன். மறுநாள் அவரே இரண்டு சின்ன வட்டக் கண்ணாடிகளை வாங்கிவந்து பக்கக் கண்ணாடிகளின் ஓரத்தில் ஒட்டினார். உடம்பைச் சீட்டிலிருந்து முழுதாகத் திருப்பிப் பார்க்கும் ஒரு வழியையும் அவரே கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் டெஸ்டில் ரிவர்ஸில் கம்பத்தை இடித்துத் தோற்றேன். இரண்டாவதில் தேறினேன்.

விபத்துக்கு இப்போது ஆறு வருஷம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வந்தவாசியில் ஒரு துக்கத்துக்குப் போய் வெகுநேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுநாள் எழ முடியவில்லை. முதலாளிக்குப் போன் செய்து, இன்றைக்குத் தரவேண்டிய கரை டிசைன் வெள்ளிக்கிழமைதான் வரும், கழுத்து வலிக்கிறது என்றேன். காரணமாக வேறெதையும் சேர்த்துச் சொல்லவில்லை. "சரிம்மா, வெள்ளிக்கெழமை குடு" என்று வைத்துவிட்டார். துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு அன்று முழுவதும் படுத்திருந்தேன். மாலையில் நாத்தனார் ரசம் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மதியம் டிசைனை முடித்துக் கொடுத்தேன்.